லாச்சிக் குமிழ்

எங்கள் கரையோர ஊர்களில் அண்மைக் காலமாக ஒரு புது வழக்கம் பரவி வருகிறது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எந்த ஊரின் ஹாட்வெயார் கடைக்குள் நுழைந்தாலும், ஆணிப் பெட்டிகளுக்கும் வண்ணப்பூச்சுத் தகரங்களுக்கும் இடையே ஒரு தட்டு நிறையக் கறுப்புக் குமிழ்கள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பளபளப்பு என்பது சிறிதும் இல்லாத கறுப்பு. அடுப்புக்கரியைத் தேய்த்துவிட்டது போன்ற கறுப்பு. அலுமாரி, மேசை, சமையலறைத் தட்டு ஆகியவற்றின் லாச்சிகளில் இருந்த பித்தளைக் குமிழ்களையும் மரக் குமிழ்களையும் கழற்றிவிட்டு இவற்றைப் பூட்டிக்கொள்கிறார்கள். நூறு ரூபாய்த் தாளை இரண்டு முறை யோசித்தே மாற்றும் வீடுகளிலும் இது நடக்கிறது.

முப்பது ஆண்டுகள் தொழிற்சங்கத்தில் உழைத்த நண்பர் ஒருவர் இதைக் கண்டு மிகவும் கொதித்துப்போனார். "மின்கட்டணம் கட்ட வழியில்லை, கையிலே கடன் புத்தகம், இதற்குள் லாச்சிக்கு நகை பூட்டுகிறார்களாம்!" என்றார். நடுத்தர வர்க்கத்தின் பகட்டு மனப்பான்மை உழைப்பாளியின் குசினிக்குள்ளும் புகுந்துவிட்டது என்பது அவருடைய முடிவு. நண்பரின் கோபம் நியாயமான கோபந்தான். ஆனால் அது போய்ச் சேரவேண்டிய வாசல் வேறு என்பது என் எண்ணம். அதைச் சொல்வதற்கு எங்கள் வீட்டு அலுமாரி ஒன்றின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன் இந்தச் சொற்களைச் சற்றுக் கவனியுங்கள். மேசை, கதிரை, அலுமாரி, சாவி என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. லாச்சி, ஒல்லாந்தர் கொண்டுவந்தது. 1626 அளவில் போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். விரட்டியவனுடைய மொழியிலேயே நம் வீட்டுத் தளபாடங்களுக்குப் பெயர் வைத்து நான்கு நூற்றாண்டுகளாகப் புழங்கி வருகிறோம்! இவை வருமுன் நம்மவரிடம் இருந்தது பெட்டகம். பட்டும் பாத்திரமும் காணி உறுதியும் அதற்குள்தான் கிடந்தன. பெட்டகத்திற்கு மூடி உண்டு, பூட்டு உண்டு. இழுப்பதற்குக் குமிழ் கிடையாது. குமிழ் என்பது லாச்சியோடு வந்த புதுமை. ஆகவே, "நம் பாரம்பரியத்தில் இல்லாத புதுமோகம்" என்று இன்று கறுப்புக் குமிழைப் பழிப்பவர்கள், பித்தளைக் குமிழும் ஒரு காலத்தில் அப்படித்தான் பழிக்கப்பட்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

இனி அலுமாரிக்கு வருவோம். என் உம்மாவின் கலியாணத்திற்கு, 1958இல், மூத்தவாப்பா செய்வித்தது அது. முதிரை மரம். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியபின் இங்கினியாகலைப் பக்கத்துக் காடுகள் வெட்டப்பட்டபோது கரைக்கு வந்து குவிந்த மரங்களில் ஒன்று என்று சொல்வார்கள். ஆயிரமாயிரம் ஏக்கர் காடு வயலானது. வயல் யாருக்குப் போயிற்று என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. எங்கள் குடும்பத்திற்கு அந்தக் காட்டிலிருந்து கிடைத்தது இந்த அலுமாரி மட்டுமே. மேலே இரண்டு கதவு, கீழே மூன்று நீண்ட லாச்சி. லாச்சி ஒன்றுக்கு இரண்டு குமிழ், கதவுக்கு ஒன்று வீதம், எட்டுப் பித்தளைக் குமிழ்கள்.

கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்து மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவான். பெண் எங்கும் போவதில்லை. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆராய்ச்சி செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வழக்கத்தையும் தாய்வழிக் குடிமுறையையும் விரிவாக எழுதியிருக்கிறார். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இது பொதுவான வழக்கம். வெளியூர்க்காரர் இதைக் கேட்டதும், "ஆகா, பெண்ணுக்கு எவ்வளவு உரிமை!" என்று வியக்கிறார்கள். உரிமை இருக்கிறது என்பது மெய். ஆனால் அந்த வீட்டைக் கட்டுவது யார்? மூன்று பெண்மக்கள் உள்ளவன் மூன்று வீடு கட்டவேண்டும். மூத்தவளுக்குத் தான் இருக்கும் வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பின்வளவில் ஒரு கொட்டிலுக்குப் போகவேண்டும். மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியவன் ஆண் என்று மார்க்கம் சொல்கிறது. நடைமுறையிலோ, வீட்டையும் காணியையும் கைக்கூலியையும் எண்ணிப் பார்த்த பின்பே அவன் பக்கம் தலையசைக்கிறது. மஹர் பல இடங்களில் பதிவுப் புத்தகத்தில் ஒரு வரியாக மட்டும் நிற்கிறது.

என் தங்கை 1992இல் கலியாணம் முடித்தபோது வீடும் அலுமாரியும் அவளுக்குப் போயின. வீடு கடற்கரையிலிருந்து நூற்றைம்பது யார் தூரம்.

2004 டிசம்பர் 26 காலையில் நடந்ததை நான் வருணிக்கப் போவதில்லை. இலங்கை முழுவதிலும் ஏறத்தாழ 35,000 உயிர்கள். அவற்றில் பத்தாயிரத்திற்கு மேல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும். நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் எங்களுடையது. அந்தப் பத்தாயிரத்திற்குள் என் உம்மாவும் ஒருவர். வீட்டின் சுவர் இரண்டு நின்றன. அலுமாரியை மூன்றாம் நாள், மேற்கே வெகுதூரத்தில், ஒரு பள்ளிக்கூட மதிலோடு ஒட்டிக் கிடக்கக் கண்டோம். கதவுக் கண்ணாடி இல்லை. மூன்று குமிழ்கள் பிய்ந்து போயிருந்தன. உப்புநீரில் ஊறிய முதிரை உப்பி, லாச்சிகள் மூன்றும் இறுகிப் போயிருந்தன. இரண்டு வாரம் நிழலில் உலர்த்திய பிறகே முதல் லாச்சி திறந்தது. உள்ளே காணி உறுதி இருந்தது. எழுத்து ஊறியிருந்தாலும் வாசிக்கக்கூடியதாக இருந்தது.

உறுதி இருந்து என்ன? கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் எதுவும் கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. பின்னர் அந்த எல்லை தளர்த்தப்பட்டது; ஆனால் அதற்கிடையில் சனங்கள் தகரக் கொட்டில்களில் காலம் கழித்துவிட்டார்கள். சவூதி அரேபிய உதவியோடு அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் எழுந்த ஐந்நூறு வீடுகள், யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கினால், பல்லாண்டுகள் ஆளில்லாமல் பாழடைந்து கிடந்தன. கதவு உண்டு, பிடி உண்டு, திறக்கக் கை இல்லை. வீடிழந்த சனத்துக்கும் வெற்று வீடுகளுக்கும் நடுவே ஒரு வேலியை நிறுத்தி வைத்த அரசியலைப் பற்றி என் நண்பர் பேசட்டும். நானும் கூடப் பேசுவேன்.

தங்கையின் வீடு உதவிப் பணத்தில் பாதிவரை எழுந்தது. மகளும் வளர்ந்தாள். மகளுக்கு என்று ஓர் அறையாவது எடுக்காமல் எந்தப் பேச்சும் எழாது என்ற நிலையில், 2014இல் தங்கை குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போனாள். எங்கள் பகுதியிலிருந்து இப்படிப் போன பெண்களின் கூலியில் எழுந்த கல்வீடுகள் எத்தனையோ. மூதூரிலிருந்து 2005இல் சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போன ரிசானா நபீக் என்ற ஏழைச் சிறுமி 2013 ஜனவரி 9இல் அங்கே சிரச்சேதம் செய்யப்பட்ட செய்தி ஊர்களை உலுக்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அது தெரிந்தே போனாள். ஐந்து ஆண்டுகள் இருந்தாள்.

அந்த வீட்டைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. ஒன்று மட்டும் சொன்னாள்: "காக்கா, அந்தக் குசினியில மட்டும் அறுவத்துநாலு கறுப்புக் கைபிடி. கைரேகை பட்டா வெள்ளையாத் தெரியும். காலையில ஒருக்கா, அஸருக்குப் பிறகு ஒருக்கா, உலர்ந்த துணியால துடைக்கணும். கணக்குப் பாத்தன், ரெண்டு லட்சம் தரத்துக்கு மேல துடைச்சிருக்கன்."

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபத்து நான்கு, நாளுக்கு இரண்டு தரம், ஐந்து ஆண்டு. இரண்டு இலட்சத்து முப்பத்து மூவாயிரத்தைத் தாண்டுகிறது.

2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மகளுக்குப் பேசி முடித்தார்கள். வீடு பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, அலுமாரியருகே நின்று, "இது ஆரு, மூத்தம்மாட அலுமாரியா?" என்று கேட்டார்கள். வேறொன்றும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை. மறுநாள் தளபாடக் காட்சியறையிலிருந்து ஒரு விலைப்பட்டியல் வந்து சேர்ந்தது. கட்டில், அலுமாரி, கண்ணாடி மேசை எல்லாம் சேர்த்து மூன்று இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய். அழுத்திய மரத்தூள் பலகையின்மேல் மரம்போல் அச்சிட்ட தாள் ஒட்டியது. தவணைக்குத் தருவார்களாம். முற்பணத்திற்கு நுண்கடன் கம்பனிக்காரர் வீட்டுவாசலுக்கே வந்துவிட்டார்: ஐந்து பெண்கள் குழுவாகக் கையெழுத்திட வேண்டும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்டவேண்டும், வாரந்தோறும் வசூல். வடக்கிலும் கிழக்கிலும் இந்த வசூலுக்கு அஞ்சி வீட்டைவிட்டு ஒளிந்த பெண்களின் கதை நாடறிந்தது. கடன்பட்ட பெண்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

தங்கை விலைப்பட்டியலை மடித்துக் கண்ணாடிச் சட்டத்தின் பின்னால் செருகினாள். பிறகு இரும்புக் கடைக்குப் போய், ஒன்று 420 ரூபாய் வீதம், இருபது கறுப்புக் குமிழ்கள் வாங்கி வந்தாள். எட்டாயிரத்து நானூறு ரூபாய். அலுமாரிக்கு எட்டு, மேசைக்கு இரண்டு, சமையலறைத் தட்டுகளுக்குப் பத்து.

என் நண்பர் 'நகை' என்றாரே, அது இதுதான். மூன்று இலட்சத்து எண்பதாயிரத்துக்குப் பதிலாக எட்டாயிரத்து நானூறு. கடன் புத்தகம் இல்லை, ஐவர் கையெழுத்து இல்லை. மற்றவன் வீட்டில் இரண்டு இலட்சம் தடவை துடைத்த ஒன்றைத் தன் வீட்டிலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்பட்டால் அதைப் பகட்டு என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை. அழகு என்பது வசதி படைத்தவனுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா? உழைப்பவனுக்குச் சோறு கேட்கும் நாம், அவன் கண்ணுக்கு இனியதாக ஒரு பொருளை அவன் விரும்பும்போது ஏன் முகஞ்சுளிக்க வேண்டும்?

வேலைக்கு ஓடாவியாரை அழைத்தோம். தகப்பன் காலத்தில் தோணி கட்டிய குடும்பம். இப்போது யன்னல் நிலையும் கதவும். குமிழ் மாற்றுவதென்றால் திருகைக் கழற்றித் திருகைப் பூட்டுவது என்று நினைத்தவர்கள் அவர் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். உப்புக்காற்றில் துருவேறிய பழைய தண்டுகள் அசைய மறுத்தன. அவர் ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒவ்வொரு தண்டின் தலையிலும் வைத்தார். இரும்பு விரிந்து, ஆறும்போது சுருங்கியது. துருவின் பிடி தளர்ந்தது. அதன்பிறகு விரலாலேயே சுழற்றினார். பழைய தண்டின் துளை பெரிது, புதுத் திருகின் துளை சிறிது. முதிரைத் துண்டொன்றைச் சீவி முளை செய்து, பசையிட்டு அடைத்து, காயவிட்டு, மறுநாள் நடுவில் புதுத் துளையிட்டார். அப்போதும் ஒரு தடை. குமிழோடு வந்த திருகு இருபத்தைந்து மில்லிமீற்றர் நீளம். இன்றைய மரத்தூள் பலகைக்கு அது போதும், ஏனென்றால் அந்தப் பலகை பதினெட்டு மில்லிமீற்றர் தடிப்புத்தான். எங்கள் லாச்சியின் முகப்போ ஒன்றேகால் அங்குல முதிரை. திருகின் நுனி வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓடாவியார் சிரித்தார். "மாஸ்டர், இது இந்தக் காலத்துப் பலகைக்கு எண்டு பிறந்த குமிழ். உங்கட மரத்துக்கு இதுக்கு எட்டாது" என்றவர், நீளத் திருகுகள் வாங்கி, ஒவ்வொன்றையும் அளந்து அறுத்து, அரத்தால் நுனி தீட்டிப் பூட்டினார்.

எங்கள் மாமிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "கலியாண ஊட்டுக்குக் கறுப்பா, மனே?" என்று நிலையில் சாய்ந்து நின்று கேட்டார். "சுறுமாவும் கறுப்புத்தானே, மாமி?" என்றார் ஓடாவியார், திருகாணியிலிருந்து கண்ணெடுக்காமல். மாமி அதன்பிறகு பேசவில்லை; தேநீர் அனுப்பி வைத்தார்.

இக்குமிழ் என்ன பொருள் என்று ஓடாவியாரிடம் கேட்டேன். ஒன்றைக் கையில் வைத்து எடைபார்த்து, "நாகம்" என்றார். துத்தநாகத்தோடு சிறிது அலுமினியம் சேர்ந்த கலப்புலோகம். நானூறு பாகைக்கும் குறைந்த வெப்பத்தில் உருகுவதால் அச்சில் வார்ப்பது மலிவு. அதன்மேல் மின்னேற்றிய கறுப்புத் தூளைத் தூவி, சூளையில் இருநூறு பாகையளவில் சுட்டால் தூள் உருகித் தோலாகிறது. தோல் கீறாதவரை கடற்காற்று ஒன்றும் செய்யாது. கீறினால் வெண்மையாகப் பொரிந்து எழும். "துடைக்கிறது உலர்ந்த துணியாலதான்" என்று ஓடாவியார் எச்சரித்தபோது தங்கை, "அது எனக்குப் படிப்பிக்கத் தேவல்ல, ஓடாவியார்" என்றாள்.

வார்த்தவன் யார், சுட்டவன் யார் என்பது கடைக்காரருக்கும் தெரியாது. பெட்டியில் ஊர்ப்பெயர் கிடையாது. ஆனால் உலகின் வீடுகளுக்குப் பிடியும் பூட்டும் செய்து கொடுக்கும் கைகளின் கதை முழுவதும் மறைந்து போய்விடவில்லை. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் பித்தளைக்கும், அலிகர் பூட்டுக்கும் பெயர்போனவை. அலிகரின் பூட்டுத் தொழிலில் சிறுவர்கள் மெருகுச் சக்கரத்தின் தூசியிலும் மின்முலாம் பூசும் அமிலத் தொட்டிகளின் அருகிலும் வேலை செய்ததை ஆய்வாளர் நீரா புர்ரா 1995இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். உம்மாவின் பித்தளைக் குமிழை மெருகேற்றியவனும் ஒரு சிறுவனாக இருந்திருக்கக் கூடும். மினுக்கமுள்ள பொருள் ஒவ்வொன்றின் பின்னாலும் மூச்சிரைப்பவன் ஒருவன் இருந்திருக்கிறான். மினுக்கம் வேண்டாம் என்ற இன்றைய நாகரிகம் மெருகுச் சக்கரத்திலிருந்து அவனை விடுவித்துவிட்டதா, அல்லது தூள் தூவும் அறைக்கு மாற்றி அனுப்பியிருக்கிறதா? நண்பரின் கோபம் போய்ச் சேரவேண்டிய வாசல்களுள் இதுவும் ஒன்று.

கறுப்பு என்றதும் என் நினைவு கருங்காலிக்குப் போகிறது. இத்தீவின் காடுகளில் வளர்ந்த மரம். நீரில் போட்டால் அமிழும். வயிரம் இயல்பாகவே கறுப்பு. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் கருங்காலித் தளபாடம் செய்து கப்பலேற்றினார்கள். வெட்டி வெட்டிக் குறைந்துபோய், இன்று அனுமதியின்றி அதைத் தறிப்பதே குற்றம். தூளைத் தூவிச் சுட்டு உண்டாக்கும் கறுப்பை, அந்த மரம் யாரையும் கேளாமல் தன் உள்ளே வைத்திருந்தது. இவ்வளவு நல்ல மரத்தின் பெயரை, வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கொடுப்பவனுக்குச் சூட்டிவிட்டோம் நாம். கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டியது என்பது அதன்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. கோடரியைப் பிடித்த கை எவருடையது என்று நம் தொழிற்சங்கக் கூட்டங்களில் யாரும் கேட்டதாக நினைவில்லை.

கறுப்புப் பிடிக்கு நாகமும் சூளையும் கட்டாயமில்லை என்பதும் ஓடாவியார் சொன்னதுதான். சம்மாந்துறைப் பக்கம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டிய கொல்லர்கள், இரும்பைக் காய்ச்சித் தேங்காயெண்ணெயில் தோய்த்து எடுப்பார்களாம். எண்ணெய் கருகி இரும்போடு ஒட்டி, மினுக்கமற்ற கறுப்பாக நிற்கும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறி, எத்தனையோ பொருள்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது அந்தக் கொல்லர்களை யாராவது தேடிப் போனார்களா என்று கேட்டேன். "ஆரு இருக்கா தேட? உலை அணைஞ்சு இருபது வருஷம். மகன்மார் கத்தார்ல" என்றார். அவருடைய மகனும் அங்கேதான் இருக்கிறான், அலுமினியக் கதவு பூட்டுகிறான்.

ஒன்றரை நாளில் வேலை முடிந்தது. அலுமாரியை மணல்தாளால் தேய்த்து எண்ணெய் பூசியபோது முதிரையின் பொன்னிறம் மீண்டும் எழுந்தது. அதன்மேல் எட்டுக் கறுப்புக் குமிழ்கள் நன்றாகவே பொருந்தின. மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் முறை வந்தபோது அலுமாரியை ஒருவரும் விசாரிக்கவில்லை. மாப்பிள்ளையின் ராத்தா மட்டும் லாச்சியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, குமிழ் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாராம்.

எஞ்சியிருந்த ஐந்து பித்தளைக் குமிழ்களும் ஒரு கிண்ணத்தில் கிடந்தன. உம்மாவின் கைபட்டுத் தேய்ந்து, நடுவில் வெளிறிப் போனவை. கூலியை வாங்கி மடியில் செருகிய ஓடாவியார், கொழும்பிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் மாதமொருமுறை வருவதாகவும், இந்த மாதிரிக் குமிழ் ஒன்றுக்கு 1,500 ரூபாய்வரை கொடுப்பார் என்றும் சொன்னார். கொழும்பின் பெரிய வீடுகளில் இப்போது பழம் பித்தளைக்குத்தான் மதிப்பாம். ஐந்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. புதுக் குமிழ் இருபதும் ஏறத்தாழ இலவசம் என்றாகிறது.

நான் தங்கையைப் பார்த்தேன். பெப்ரவரியில்தான் மின்கட்டணத்தை மீண்டும் உயர்த்தியிருந்தார்கள்; இரண்டு மாதப் பட்டியல் கட்டப்படாமல் கிடந்தது.

"குடுங்க, காக்கா. கரண்ட் பில்லக் கட்டலாம். உம்மா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவா" என்றாள்.

அடுத்த வியாழக்கிழமை வியாபாரி வந்தார். ஐந்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பேரம் பேசி, ஆறாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கிப் போனார்.